ஆறாவது சனிக்கிழமை

கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டிய றோட்டிலிருந்து கல்லூரிக்கு ஏறும் பாதையில் பஸ் போகாது. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இருளப்பன் முன்னால் நடந்தார். மகள் ரத்தினம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, தை மாதம். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. மரங்கள் மட்டும் இன்னும் பெய்துகொண்டிருந்தன.

"பாத்து வா புள்ள. பாசி" என்றார் அவர், திரும்பாமலே.

முன்னொரு காலத்தில் கோப்பித் தோட்டத் துரை ஒருவர் கட்டிய பங்களா அது. கோப்பிச் செடி அழிந்து, துரையும் போய், கடைசியில் மிஷன்காரர்கள் வாங்கித் தமிழ் ஆசிரியைகளைப் பயிற்றும் இடமாக்கியிருந்தார்கள். கறுத்த ஓடுகள், நீண்ட விறாந்தை. பின்பக்கம் மூங்கில் காடு சரிந்து இறங்கியது. காற்று அடிக்காதபோதும் அதற்குள் ஏதோ ஒன்று முனகிக்கொண்டே இருந்தது. உள்ளே கால் வைத்ததும் ஒரு குளிர் வந்து கணுக்காலைப் பிடித்தது. பல நாள் பூட்டி வைத்த அலுமாரியைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு வாரம் பரீட்சைக் காலம். ஆறாவது சனிக்கிழமை எல்லாரையும் மண்டபத்தில் உட்கார வைத்து, அதிபர் மிஸ் ஹாடன் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு சொல். இருக்கலாம். அல்லது, போகலாம்.

"இருன்னா இரு" என்றார் இருளப்பன், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு. "போன்னு சொல்லிட்டாங்கன்னா, கணபதிக்கு நான் குடுத்த வாக்கு இருக்கு. அப்ப அழக்கூடாது. அந்தச் சனிக்கிழமை நான் வந்து நிப்பேன், ரெண்டுல ஒண்ணு கேட்டுக்கிட்டுப் போக."

கணபதி தோட்டத்தில் கங்காணி. முதல் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் ரத்தினம்மாவுக்கு எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவளிடம் இருந்ததெல்லாம் ஓர் ஆசை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்து நிற்க வேண்டும். ஆசையை யார் காரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள்?

வகுப்பறையில் அவளுக்கு ஒதுக்கிய மேசையின் மூடியைத் தூக்கினாள். உள்பக்கம் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அச்சுப் போன்ற எழுத்தில், மூக்காயி.

"அதில கை வையாதையும்" என்றாள் பின்னால் நின்ற திரவியம். அவள் இரண்டாம் வருஷ மாணவி; யாழ்ப்பாணத்துப் பெண்; மாணவிகளுக்குப் பொறுப்பானவள். "இஞ்ச ஒரு வழக்கம் இருக்கு. போறவள் தன்ரை பேரைத் தானே உரிச்சுப்போட்டுத்தான் போவாள். மற்றவை தொடுறதில்லை."

"அப்ப இவங்க ஏன் உரிக்காமப் போனாங்க?"

திரவியம் பதில் சொல்ல வாய் திறந்தாள். மணி அடித்தது. போய்விட்டாள்.

வகுப்புக்கு வந்த மிஸ் ஹாடன் மூடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அதன் மேலேயே உமது பெயரை ஒட்டிக்கொள்ளும். ஒரு சிறு காகிதத்துக்காகப் பாடம் நிற்க முடியாது" என்றார், புத்தகத் தமிழில்.

சோற்றுப் பசை தடவி ரத்தினம்மா ஒட்டினாள். மற்ற மேசைகளில் ஒட்டியவை மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டன. அவளுடையது மூன்று நாளாகக் காயவே இல்லை.

*

முதல் இரண்டு வாரமும் எல்லாமே அவளுக்கு எதிராக நின்றன. துவைத்த சேலை காயவில்லை. காலை மணிக்கு எழுந்தால் குளிக்கும் இடத்தில் எட்டாவது ஆளாக நிற்க வேண்டியிருந்தது. "வாங்க, போங்க" என்று பேசினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களைப் போல "ஓம்" என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கு இன்னும் கூடச் சிரித்தார்கள். கொப்பியில் அவளுடைய எழுத்து வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடியது. மிஸ் ஹாடனின் சிவப்பு மை அதைத் துரத்திக்கொண்டு பின்னாலேயே வந்தது. 'மறுபடி எழுதவும்.' எழுதினாள். 'மறுபடி.'

பக்கத்து மேசை சகீனாதான் ஒரே ஆறுதல். கண்டி நகரத்தில் புடவைக் கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீனின் மகள். விடுதியில் தங்காமல் தினமும் திரை கட்டிய றிக்சோவில் வந்து போனாள்.

"என்னத்துக்குப் புள்ள அழுற? எனக்கும்தான் அந்தச் சிவப்பு மை ஈக்கிது. வாப்பா பாத்துட்டு, மிளகாப் பழம் காயப் போட்ட மாதிரி ஈக்கிதுண்டு செல்றாரு."

ரத்தினம்மா சிரித்தாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து வகுப்புக்கு வந்து, பாதியில் விட்ட கொப்பியைத் திறந்தாள். அவள் எழுதியது ஆறு வரி. பக்கம் முழுவதும் நிரம்பியிருந்தது. ஏழாவது வரியிலிருந்து எழுத்துகள் நிமிர்ந்து நின்றன, ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல.

"சகீனா, விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா?"

"நான் என்னா செஞ்ச?" என்று சகீனா எட்டிப் பார்த்தாள். "அல்லாவே! எனக்கு இப்பிடி எழுத ஏலுமாண்டா நான் ஏன் இங்க வாற?"

மேசைக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. மழையில் நனைந்து, காயாமல் மடித்து வைத்த கம்பளியின் வாடை. தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? இந்தக் கல்லூரியில் கம்பளி போர்த்துகிறவர்கள் யாரும் இல்லை.

அன்று மாலை கொப்பி திரும்பி வந்தது. முதல் தடவையாகச் சிவப்பு மையில், 'நன்று.'

அவளுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பதினைந்து நாள் விரல் வலிக்க எழுதியதற்கு ஒரு 'மறுபடி.' யாரோ எழுதியதற்கு 'நன்று.'

*

அதன் பிறகு மற்றவர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

"இப்பத்தானே படிக்கட்டில உம்மைக் கண்டனான், எப்பிடி இஞ்ச வந்தனீர்?" என்றாள் திரவியம்.

"காலைல நீதானே என்ட கையப் புடிச்சி றிக்சோவால எறக்கின" என்றாள் சகீனா. "கை ஐஸ் மாதிரி ஈந்திச்சி. ஒரு சொல்லுக் கதைக்கல்ல. எனக்குக் கோவம் புள்ள."

ரத்தினம்மா அந்நேரம் குளிக்கும் இடத்தில் எட்டாவது ஆளாக நின்றிருந்தாள்.

நான்காம் வாரம் அவளுடைய விமர்சனப் பாடம். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இருபது பிள்ளைகளைக் கூட்டி வந்து முன்னால் உட்கார வைப்பார்கள். புதியவள் பாடம் நடத்த வேண்டும். மிஸ் ஹாடனும் மற்ற மாணவிகளும் பின்வரிசை வாங்குகளில் உட்கார்ந்து குறை நிறைகளைக் கொப்பியில் எழுதுவார்கள். அவளுக்குக் கிடைத்த தலைப்பு உப்பு. நான்கு நாள் மனப்பாடம் செய்திருந்தாள்.

கையில் ஒரு பிடி உப்புடன் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றாள். முதல் கேள்விக்கு வாயைத் திறந்தாள்.

தொண்டையில் சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றாள். மூச்சு மட்டும் வந்தது. பின் வாங்கில் பென்சில்கள் ஓடும் சத்தம் கேட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள். இனிமேல் 'போகலாம்' என்ற ஒரு சொல் மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் பிள்ளைகளைக் கவனித்தாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை.

இருபது பேரும் அவளுக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். "கடல்தண்ணியக் காய வச்சா வரும் டீச்சர்."

அவள் கேள்வியே கேட்கவில்லை.

பிள்ளைகள் ஒரே குரலில் ஏதோ சொன்னார்கள். பிறகு ஒன்றாகச் சிரித்தார்கள், யாரோ நல்ல பகிடி விட்டதைப் போல. சிரிக்கும் கண்கள் மெல்ல நகர்ந்து கரும்பலகைக்குப் போயின. பலகையில் எதையோ படித்துவிட்டு மறுபடி அந்த வெறும் இடத்துக்குத் திரும்பின. ரத்தினம்மாவின் உள்ளங்கையில் உப்பு கசிந்து, தண்ணீராகி, விரல் இடுக்கால் சொட்டியது.

நனைந்த கம்பளி வாடை.

பாடம் முடிந்து பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். கடைசியாகப் போன சிறுமி வாசலில் நின்று திரும்பினாள். "அந்த டீச்சர் நாளைக்கும் வருவாங்களா?" என்று ரத்தினம்மாவிடமே கேட்டாள்.

ரத்தினம்மா மாணவிகளின் கொப்பிகளை வாங்கிப் பார்த்தாள். 'குரல் இனிமை.' 'பிள்ளைகளைச் சிரிக்க வைத்த விதம் மெச்சத்தக்கது.' 'கரும்பலகை எழுத்து மிக அழகு.'

திரும்பிப் பார்த்தாள். பலகையில் உப்பு என்று நிமிர்ந்த எழுத்தில் எழுதியிருந்தது. சோக்குக் கட்டியை அவள் கையாலும் தொட்டிருக்கவில்லை.

*

துணி துவைக்கும் கல்லடியில் திரவியத்தைப் பிடித்து நிறுத்தினாள். பட்டப்பகல். நல்ல வெயில் கூட அடித்தது.

"மூக்காயி யாருக்கா? சொல்லாம நான் விடமாட்டேன்."

திரவியம் சேலையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், பிழிவதற்குத் தண்ணீர் இல்லாத பிறகும்.

"தோட்டப்பக்கம் இருந்து இஞ்ச வந்த முதல் பிள்ளை. போன வருஷம், என்னோட வந்தவள். எழுத்தெண்டால் எழுத்து, பாட்டெண்டால் பாட்டு. எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி." குரலைத் தாழ்த்தினாள். "நாங்கள் அவளோட கதைக்கிறதில்லை. ஏனெண்டு கேளாதையும், இப்ப யோசிச்சால் எனக்கே விளங்கேல்லை. போன வருஷம் மலைக்காய்ச்சல் எவ்வளவு சனத்தைக் கொண்டு போனது? அவளுக்கும் வந்தது. ஆருக்கும் சொல்லாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து வகுப்பில இருந்தாள். அனுப்பிப் போடுவினம் எண்ட பயம். கண்டுபிடிக்கேக்க நேரம் போயிட்டுது. ஆறாம் வாரத்து வியாழக்கிழமை செத்துப்போனாள். சனிக்கிழமைக்கு ரெண்டே நாள்."

"அவங்க பேரை வாசிச்சாங்களா?"

"செத்தவளின்ரை பேரை ஆர் வாசிக்கிறது?"

ரத்தினம்மா நேரே மிஸ் ஹாடனின் அறைக்குப் போனாள். வாசலில் நின்றபடியே கேட்டாள். வரப்போகும் ஆறாவது சனிக்கிழமையாவது மூக்காயி என்ற பெயரை ஒரு தடவை வாசித்து, இருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள் மிஸ். அவ்வளவுதான்.

மிஸ் ஹாடன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணில் ஒரு கணம் ஏதோ தெரிந்தது. கண்ணாடியை மறுபடி போட்டதும் அது இல்லை. "வரவு இடாப்பில் இல்லாத பெயரை வாசிப்பது முறையல்ல. நீர் நன்றாகத் தேறி வருகிறீர், ரத்தினம்மா. வீண் எண்ணங்களை விட்டுவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை நடக்கும் கடைசிப் பாடத்தைப் பாரும்."

நீர் நன்றாகத் தேறி வருகிறீர். யார் தேறி வருகிறார்கள்?

வகுப்பறைக்கு வந்து மேசை மூடியைத் தூக்கி, தன் பெயரை நகத்தால் உரித்தாள். ஈரத் தோல் போல வந்தது. அடியில் இருந்த பெயரில் ஒரு கீறல் கூட விழவில்லை. ஒரு வருஷத்துக்கு முந்திய மை, இப்போதுதான் எழுதியது போலப் பளபளத்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. சன்னலுக்கு வெளியே மூங்கில்கள் அசையாமல் நின்றன. ரத்தினம்மா மேசையில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"ஒனக்கு நடந்தது அநியாயந்தான். அதுக்கு நான் என்ன செய்ய? இந்த இடம் எனக்கு வேணும்!"

காதோரம், குளிராக, ஒரு மூச்சு.

"எனக்கும்."

அவள் எழுந்து ஓடவில்லை. அதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஓடாததற்குத் தைரியம் காரணம் இல்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கொப்பியில் இருந்த 'நன்று', பிள்ளைகளின் சிரிப்பு, வெள்ளிக்கிழமைப் பாடம், கணபதி. தன் குரலால் இதையெல்லாம் தாண்ட முடியுமா? முடியாது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்தச் சாய்ந்த எழுத்தைப் போலத் தெளிவாக. மற்றவளால் முடியும். பெயர் மட்டும் தன்னுடையதாக இருந்தால் போதாதா?

"சரி" என்றாள் மெதுவாக. "சனிக்கிழமை வரைக்கும் நீயே செய். நான் குறுக்கே வரமாட்டேன். இருக்கலாம்னு சொன்னதும் விட்டுட்டுப் போயிரணும். சரியா?"



மேசை மூடி தானாக, சத்தமில்லாமல், மூடிக்கொண்டது.

*

வெள்ளிக்கிழமைப் பாடத்துக்கு அவள் போகவில்லை. பின்பக்கம் மூங்கிலடியில் குந்தியிருந்தாள். சன்னல் வழியாகப் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. இடையில் ஒரு குரல் பாடிற்று. நல்ல குரல். கேட்கக் கேட்க அது தன் குரலாகவே இருந்தது, தொண்டை அடைக்காமல் பாடினால் தனக்கு வரக்கூடிய குரல். பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வெள்ளைச் சேலையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாள். மடிப்பு நிற்கவில்லை. மணி அடித்ததும் மண்டபத்துக்கு ஓடினாள். வாசலில் திரவியம் நின்றாள்.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

ரத்தினம்மாவுக்கு அது பகிடியாகத்தான் பட்டது. "விடுங்கக்கா, நேரமாச்சி."

திரவியம் நகரவில்லை. முகத்தில் பகிடி இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் காட்டும் மரியாதை மட்டும் இருந்தது.

"அக்கா, நான் ரத்தினம்மா..."

"ரத்தினம்மாவையோ? உள்ளுக்கு இருக்கிறா. முடிஞ்ச உடன வரச் சொல்லுறன். கொஞ்சம் அங்கால நில்லுங்கோ."

திரவியத்தின் தோளுக்கு மேலால் தெரிந்தது. சகீனாவின் பக்கத்தில், தன் இடத்தில், நிமிர்ந்த முதுகுடன் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. மடிப்பு ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல. சகீனா அவளுடைய கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து, சூடேற்றுகிறவளைப் போலத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு சாத்தப்பட்டது.

கதவுக்குப் பின்னால் மிஸ் ஹாடனின் குரல். "ரத்தினம்மா. இருக்கலாம்."

கைதட்டல்.

அவள் கதவைத் தட்டினாள். தட்டத் தட்டக் கைதட்டல்தான் கூடியது. உள்ளங்கை எரிய எரிய, ஆறு வாரத்து எரிச்சலையும் சேர்த்து அடித்தாள். யாரும் திறக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. கீழே பாதையில் யாரோ இறங்கிப் போவது தெரிந்தது. தலையில் முண்டாசு, தோளில் வெறும் பை. ஐயா. சொன்னபடி வந்து, கேட்டு, பார்த்து, பேசி, இறங்கிப் போகிறார்.

பாசியில் சறுக்கிக்கொண்டு ஓடினாள். "ஐயா! ஐயா, நில்லுங்க!"

இருளப்பன் நின்று திரும்பினார். கண் சிவந்திருந்தது, சந்தோஷத்தில் அழுதிருக்கிறார். மூச்சு வாங்க முன்னால் வந்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா? கூப்பிட்டியா?"

"ஐயா, நான்தான். ஒங்க மக."

"யாரு பெத்த புள்ளையோ" என்றார் அவர், குரல் இளகி. "தோட்டத்துப் புள்ளையா நீ? ஒன்ன வேணாம்னுட்டாங்களா? அழாதம்மா. எம் மகளுக்கும் மொதல்ல இப்பிடித்தான், ராவும் பகலும் பயந்துகிட்டுக் கெடந்தா. இப்பப் பாரு, பாசாகிட்டா. ஒனக்கும் ஒரு நாளைக்குக் கெடைக்கும்."

அவளுடைய தலையில் கையை வைத்தார். அவளைச் சின்ன வயதில் தூக்கிய அதே கை. அதற்கு அவளைத் தெரியவில்லை.

"ஐயா!"

மேலே, பங்களாவின் சன்னலிலிருந்து ஒரு குரல். தொண்டை அடைக்காத குரல்.

"மழை வருது ஐயா! நின்னு பேசிக்கிட்டிருக்காதீங்க!"

இருளப்பன் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார். "போறேன் தாயி! இங்க ஒரு புள்ள அழுதுகிட்டு நிக்குது. கொஞ்சம் பாத்துக்க!"

 மூங்கில்கள் முனகுவதை நிறுத்தின.

"தெரியுங்க ஐயா" என்றது குரல், அன்பாக. "நான் பாத்துக்கிறேன்."